இரங்காத இயற்கையும் இரங்கும் மனிதனும்

கடல் சினங்கொண்டது என்கின்றோம். வானம் பொய்த்தது என்கின்றோம். நிலமகள் பொறுமை இழந்தாள் என்கின்றோம். இவ்வாறு பேசும்போது, நம்மைச் சூழ்ந்துள்ள இயற்கைக்கு ஒரு நெஞ்சம் உண்டு, அந்நெஞ்சிலே நம்மைப் பற்றிய விருப்போ வெறுப்போ உண்டு என்னும் எண்ணம் நம்மையறியாமலே நம் பேச்சிற் புகுந்துவிடுகின்றது. இவ்வெண்ணம் எல்லா நாட்டு மக்களிடத்தும் உண்டு. எல்லா மொழி இலக்கியத்திலும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே அமெரிக்க நாட்டில் எழுதிய எழுத்தாளர் சிலர் இவ்வெண்ணத்தை வேரோடு களைந்துவிட்டுக் கதை எழுத முற்பட்டனர். இயற்கை நம்மை நேசிக்கவுமில்லை, பகைக்கவுமில்லை. அது நம்மைப் பார்ப்பதேயில்லை என்றனர் அவர்கள். அங்ஙனமாயின், அத்தகைய உலகிலே மனிதன் எதைப் பற்றிக்கொண்டு வாழ்வது? இந்த வினாவையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

அவர்களுக்கு முன்னிருந்த அமெரிக்க இலக்கியத்தை முதலிற் சிறிது நோக்குவோம். எமர்சன் என்னும் சிந்தனையாளர் 1836ஆம் ஆண்டில் ‘இயற்கை’ என்னும் சிறுநூலை வெளியிட்டார். மனித ஆன்மாவையும் மலையையும் மரத்தையும் ஒரே பேருயிர் இணைத்து நிற்கின்றது, காட்டிலே தனித்து நிற்பவன் தாயின் மடியில் இருப்பவனை ஒப்பான் என்பது அவர் கொள்கை. 1851ஆம் ஆண்டில் ஹேர்மன் மெல்வில் ‘மோபி டிக்’ என்னும் பெருநாவலை எழுதினார். அதன் தலைவனாகிய ஆகாப், ஒரு வெண்திமிங்கிலத்துக்குத் தன் காலைப் பறிகொடுத்தவன். அத்திமிங்கிலத்தினுள்ளே ஒரு வஞ்சம் ஒளிந்திருக்கின்றது என்று நம்பி, அதனைப் பழிவாங்க உலகக் கடல்களெல்லாம் அலைகின்றான். வாயில்லாப் பிராணி இயல்பூக்கத்தாற் செய்ததற்குப் பழி தேடுவது பித்து என்று துணைத் தலைவன் ஸ்டார்பக் இடித்துரைக்கின்றான், ஆகாப் கேட்டானல்லன். எமர்சன் இயற்கையிலே அன்பைக் கண்டார். ஆகாப் பகையைக் கண்டான். இருவரும் ஒன்றிலே உடன்பட்டனர்: இயற்கை மனிதனை நோக்கி முகந் திருப்பி நிற்கின்றது என்பதே அது.

அதன் பின்னர்ச் சிந்தனை உலகம் பெரிதும் மாறியது. 1859ஆம் ஆண்டில் டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்தது. பிரான்சு நாட்டிலே எமில் ஸோலா, குளோட் பெர்னார்ட் என்ற உடலியல் அறிஞரின் முறையைப் பின்பற்றி, 1880ஆம் ஆண்டில் ‘பரிசோதனை நாவல்’ பற்றிய தம் கட்டுரைகளை வெளியிட்டார். மருத்துவ ஆய்வாளன் உடலை ஆராய்வதுபோல நாவலாசிரியன் மனித வாழ்வை ஆராய வேண்டும். பரம்பரையும் சூழலும் மனிதனை எவ்வாறு உருவாக்குகின்றன என்று காட்ட வேண்டும் என்றார் அவர். இக்கொள்கையையே இயற்பண்புவாதம் என்கின்றோம். உள்ளதை உள்ளவாறு காட்டுவது யதார்த்தவாதம். உள்ளது எந்த விசைகளால் அவ்வாறாயிற்று என்று விதி தேடுவது இயற்பண்புவாதம். அமெரிக்காவில் ஸ்டீபன் கிறேன், பிராங் நொறிஸ், ஜாக் லண்டன், தியோடர் டிரைசர் ஆகியோர் இந்நெறியில் எழுதினர். இவர்களுள் முதல் மூவரை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம்.

ஸ்டீபன் கிறேன் 1871ஆம் ஆண்டில், மெதடிஸ்த திருச்சபைப் போதகர் ஒருவரின் பதினான்காவது பிள்ளையாகப் பிறந்தவர். காசநோயால் 1900ஆம் ஆண்டில் இறந்தபோது அவருக்கு வயது இருபத்தெட்டு. போர்க்களத்தையே காணாதவராக அவர் எழுதிய போர் நாவல், 1895ஆம் ஆண்டில் அவருக்குப் பெரும் புகழைத் தந்தது. அடுத்த ஆண்டின் இறுதி நாளில், கியூபாவின் விடுதலைப் போராளிகளுக்கு ஆயுதம் கொண்டு சென்ற ‘கொமடோர்’ என்னும் கப்பலிலே, பத்திரிகை நிருபராகப் புளோரிடாவின் ஜாக்சன்வில் துறையிலிருந்து புறப்பட்டார். 1897 ஜனவரி 2ஆம் நாள் காலையில் அக்கப்பல் கடலில் மூழ்கியது. பத்தடி நீளமுள்ள சிறு படகொன்றில் நால்வர் ஏறினர். ஏறத்தாழ முப்பது மணி நேரம் அலைகளோடு போராடி மறுநாள் டேட்டோனா கடற்கரையை அடைந்தனர். மூவர் பிழைத்தனர், ஒருவர் இறந்தார். கப்பல் மூழ்கிய செய்தியைக் கிறேன் உடனே பத்திரிகைக்கு எழுதினார். எனினும், படகிற் கழிந்த நேரத்தைப் பற்றி அதில் விரித்துரைக்கவில்லை. அதனைச் சொல்லச் செய்தி போதாது, கதை வேண்டும் என்று கருதினார் போலும். ‘திறந்த படகு’ என்னும் அச்சிறுகதை அதே ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிவந்தது.

கதையிலே நால்வர்: காயமுற்ற கப்பல் தலைவன், சமையற்காரன், நிருபன், இயந்திரங்களுக்கு எண்ணெயிடும் தொழிலாளி. இவர்களுள் பெயர் பெற்றவன் இறுதியிற் கூறப்பட்ட தொழிலாளி ஒருவனே. பில்லி என்பது அவன் பெயர். ஏனையோர் தொழிலாலேயே சுட்டப்படுகின்றனர். அவர்கள் வானத்தைப் பார்க்கவில்லை, பார்க்க நேரமில்லை. ஓரலையைக் கடந்தால் அதன் பின்னே அதே அளவினதான இன்னோரலை நிற்கின்றது. கடற்பறவையொன்று தலைவனின் தலையருகே வந்து பறக்கின்றது. அதனை ஓங்கி அடிக்க அவனால் இயலாது. அடித்தாற் படகு கவிழும். ஆதலால், மெல்லக் கையசைத்து, மரியாதையோடு அதனை வழியனுப்புகின்றான். பில்லியும் நிருபனும் மாறி மாறித் துடுப்பு வலிக்கின்றனர். இடம் மாறும்போது, உடையும் பொருளொன்றை ஏந்துவதுபோல ஒருவர் மற்றவரைத் தாண்டிச் செல்கின்றனர். தலைவன் தாழ்ந்த குரலிலே கட்டளை இடுகின்றான். அவர்கள் உடனே பணிகின்றனர். மனிதரை எளிதில் நம்பாத நிருபனது உள்ளத்தில், இதுவே தன் வாழ்நாளின் மிகச் சிறந்த அனுபவம் என்னும் உணர்வு பிறக்கின்றது. ஆனால், அதனை அவர்களுள் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கரை தெரிகின்றது; வெளிச்சவீடு தெரிகின்றது. பின்னர்க் கரையிலே மனிதரும் தெரிகின்றனர். படகிலுள்ளோர் துணியைக் கட்டி அசைக்கின்றனர். கரையிலிருந்து ஒருவன் தன் மேற்சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே சுழற்றுகின்றான். அது வடக்கே போங்கள் என்னும் சைகையா, தெற்கே போங்கள் என்பதா, பொறுத்திருங்கள் என்பதா என்று இவர்கள் தம்முள் வாதிடுகின்றனர். விருந்தினரை ஏற்றிச் செல்லும் வண்டியொன்று வந்து நிற்கின்றது. மீட்புப் படகு வருகின்றது என்று மகிழ்கின்றனர். உண்மையில், பொழுதுபோக்குக்காகக் கடலுக்கு வந்தவர்கள் என்று எண்ணியே கரையிலுள்ளோர் இவர்களுக்குக் கையசைத்தனர். பொழுது சாய்கின்றது, கரை இருளில் மறைகின்றது. கதையின் இப்பகுதியை நினைவில் வைத்திருங்கள். மீண்டும் இதற்கு வருவோம்.

இரவிலே மற்றையோர் உறங்க, நிருபன் தனியே துடுப்பு வலிக்கின்றான். சுறாவொன்று நீரில் ஒளிக்கோடு கிழித்துப் படகைச் சுற்றுகின்றது. இவ்வளவு தூரம் வந்தபின் மூழ்கத்தான் வேண்டுமாயின் எதற்காக இதுவரை வர விடப்பட்டேன் என்று அவன் உள்ளம் வாதாடுகின்றது. கல்லெறியலாமென்றால் எறிவதற்குக் கோயிலே இல்லையே என்று மனிதன் தவிக்கும் தவிப்பைக் கிறேன் அங்கே காட்டுகின்றார். பொழுது புலர்ந்ததும் கரையிலே உயர்ந்த காற்றாடிக் கோபுரமொன்று தென்படுகின்றது. எறும்புகளின் அல்லலுக்குப் புறங்காட்டி நிற்கும் அரக்கனைப் போல அது நிற்கின்றது. இயற்கையிடம் கொடுமையுமில்லை, கருணையுமில்லை, வஞ்சமுமில்லை, விவேகமுமில்லை. அதற்கு இவனைப் பற்றிய அக்கறையே இல்லை என்று நிருபன் அப்போது தெளிகின்றான்.

இறுதியில் நால்வரும் அலைக்குள் குதிக்கின்றனர். வலிமை மிக்க பில்லி எல்லோர்க்கும் முன்னே விரைந்து நீந்துகின்றான். சமையற்காரன் மிதப்புக் கச்சோடு மல்லாந்து மிதக்கின்றான். காயமுற்ற தலைவன் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொள்கின்றான். நீரோட்டத்தில் அகப்பட்ட நிருபனை ஒரு பேரலை தூக்கிப் படகுக்கு அப்பால் வீசிவிடுகின்றது. இடுப்பளவு நீரில் விழுந்து பிழைக்கின்றான். ஆழமற்ற நீரிலே முகங்குப்புறக் கிடப்பவன் பில்லி.

மாணவருக்கு இக்கதையைக் கற்பிக்குந்தோறும் அவர்கள் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு: மிகுதியாக உழைத்தவனும், மிக வலியவனும், பெயருடையவனும் அவன் ஒருவனே; அவன் ஏன் இறந்தான்? கப்பல் மூழ்குமுன்னர் இயந்திர அறையில் இரட்டை முறை வேலை செய்து களைத்தவன் அவன் என்று கதை குறிப்பாகச் சொல்கின்றது. அது காரணமாகலாம், நீதியாகாது. இதனை ஊழ் என்று கொள்வோமா என்று சில மாணவர் கேட்பர். அதுவும் பொருந்தாது என்பதே என் கருத்து. நம்மவர் கூறும் ஊழுக்கு ஒரு கணக்கு உண்டு. செய்த வினை செய்தவனைத் தேடி வரும். கிறேன் காட்டும் கடலிடம் கணக்கேடே இல்லை. அதனால் தண்டிக்க முடியாது. ஆகவே மன்னிக்கவும் முடியாது.

இனி, கடலை விட்டுப் பனிவெளிக்குச் செல்வோம். ஜாக் லண்டன் 1876ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவிற் பிறந்தவர். கனடாவின் யூக்கொன் பிரதேசத்திலே, கிளொண்டைக் ஆற்றங்கரையிற் பொன் கிடைத்தது என்னும் செய்தி பரவியபோது, 1897ஆம் ஆண்டில் அங்கே சென்றார். ஒரு குளிர்காலத்தைக் கழித்தார். உயிர்ச்சத்துக் குறைவால் வரும் ஸ்கேர்வி நோயோடு மறு ஆண்டு திரும்பினார். பொன் மிகுதியாகக் கிடைக்கவில்லை, கதைகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று ‘தீ மூட்டல்’. அதனை அவர் இருமுறை எழுதினார். இளைஞர் இதழொன்றில் 1902ஆம் ஆண்டில் வந்த முதற் கதையின் நாயகனுக்கு டொம் வின்சென்ட் என்று பெயருண்டு. அவன் உறைபனிக் காயத்தோடு உயிர் தப்பி, தனியே பயணஞ் செய்யலாகாது என்னும் பாடத்தையும் கற்றுக்கொள்கின்றான். 1908ஆம் ஆண்டில் வந்த இரண்டாவது கதையிலே அம்மனிதனுக்குப் பெயரில்லை, உடன் ஒரு நாய் மட்டும் உண்டு, அவன் இறக்கின்றான். ஆறாண்டு இடைவெளியில் ஆசிரியரது நோக்கு எவ்வளவு கடுமையாயிற்று என்பதற்கு இவ்விரு கதைகளுமே சான்று.

இரண்டாவது கதையின் குளிர், பாரன்ஹைட் அளவையிற் பூச்சியத்துக்குக் கீழ் 75 பாகை. துப்பிய எச்சில் நிலத்தை அடையுமுன்னரே வெடித்து உறைகின்றது. அம்மனிதன் திறமையற்றவனல்லன், நிகழ்வனவற்றைக் கூர்ந்து நோக்குபவன், ஆயினும் அவற்றின் பொருளை எண்ணிப் பார்க்கும் கற்பனை அவனிடம் இல்லை. 75 பாகை என்பது அவனுக்கு ஓர் எண். மனித உடல் எவ்வளவு சிறிய வெப்ப எல்லைக்குள் வாழத்தக்கது என்று அவ்வெண் அவனுக்கு உணர்த்தவில்லை. நாய்க்கு வெப்பமானியைப் பற்றித் தெரியாது. ஆனால், இது பயணத்துக்குரிய நாளன்று என்பதை அதன் உடல் அறிந்திருந்தது. பூச்சியத்துக்குக் கீழ் 50 பாகைக்கு அப்பால் ஒருவன் துணையின்றிப் புறப்படலாகாது என்று அந்நாட்டு முதியவர் ஒருவர் முன்னரே எச்சரித்திருந்தார். அவன் அதனைக் கேட்டுச் சிரித்தான்.

பனிக்கு அடியில் மறைந்திருந்த நீருற்றில் அவன் கால் புதைகின்றது. முழங்காலுக்குப் பாதிவரை நனைகின்றது. உடனே நெருப்பு மூட்டிக் காலை உலர்த்த வேண்டும், இல்லையேல் மரணம். நெருப்பும் மூட்டுகின்றான். ஆனால், ஊசியிலை மரமொன்றின் கீழே மூட்டிவிட்டான். விறகுக்காகச் சுள்ளியை இழுக்க இழுக்க மரம் சிறிது சிறிதாக அசைந்து, கிளைகளில் நிறைந்திருந்த பனியெல்லாம் சரிந்து தீயை அவித்துவிடுகின்றது. விரல்கள் மரத்துப்போகின்றன. எழுபது நெருப்புக்குச்சிகளையும் இரு கைகளின் அடிப்பாகங்களுக்கிடையில் வைத்து ஒருங்கே கொளுத்துகின்றான். தன் தசை கருகும் நாற்றத்தை அவன் மூக்கே அறிகின்றது. அந்தத் தீயும் நிலைக்கவில்லை. நாயைக் கொன்று அதன் உடற் சூட்டிலே கையைப் புதைக்க எண்ணுகின்றான். கத்தியைப் பிடிக்கக் கை உதவவில்லை. கண்மூடித்தனமாக ஓடுகின்றான்; விழுகின்றான். முடிவில், அந்த முதியவர் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டு, அமைதியாக உறங்கி இறக்கின்றான். நாய் சிறிது காத்திருக்கின்றது. மரணத்தின் வாடையை உணர்ந்ததும், உணவும் நெருப்பும் தரும் வேறு மனிதர் இருக்கும் முகாமை நோக்கி ஓடிவிடுகின்றது.

இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதற் கதையில் நால்வர் ஒரு படகில். இரண்டாவதில் ஒருவன் தனி வழியில். ஒற்றுமை உயிர் காக்கும், தனிமை கொல்லும் என்று நாம் எளிதாகப் பாடம் சொல்லிவிடலாம். பில்லியின் உடல் அதனைத் தடுக்கின்றது. தோழமை அவனைக் காக்கவில்லை. அங்ஙனமாயின் தோழமை எதைத் தந்தது? இரவெல்லாம் துடுப்பு வலித்தவனுக்கு, அடுத்த முறை வலிக்க ஒருவன் எழுவான் என்னும் உறுதியைத் தந்தது. அஞ்சியவன் தன் அச்சத்துக்கு அடிமையாகாதிருக்கத் துணை தந்தது. பனிவெளியில் இறந்தவன் இழந்ததும் இதுவே. உடன் ஒருவன் இருந்திருந்தால், விரல் மரத்தபோது அவன் நெருப்பை மூட்டியிருப்பான். முதியவரின் எச்சரிக்கையும் ஒருவகைத் தோழமைதான். முன் சென்றவன் தன் துன்பத்தால் அறிந்ததைப் பின் வருபவனுக்கு ஈவதே அறிவுரை. இயற்கை ஒருபோதும் எச்சரிப்பதில்லை. எச்சரிப்பவன் மனிதனே.

இனி, இக்கொள்கையின் மறுபக்கத்தையும் காணவேண்டும். மனிதன் விசைகளின் கையில் ஒரு துரும்பு என்றால், பொறுப்பு என்பதற்கு இடம் எங்கே? இயற்பண்புவாதத்தின் மீது சாட்டப்படும் பெருங்குற்றம் இதுதான். குற்றச்சாட்டிலே உண்மையுண்டு என்பதற்குப் பிராங் நொறிஸ் 1901ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஒக்டோபஸ்’ என்னும் நாவல் சான்று. எட்டுக் கைகளாற் பற்றிக்கொள்ளும் கடற்பிராணியின் பெயரை அவர் இருப்புப்பாதைக் கம்பனிக்கு உவமையாக்கினார். கலிபோர்னியாவில் 1880ஆம் ஆண்டு மே மாதம் நிலவுரிமை பற்றிய பிணக்கிலே கோதுமை விவசாயிகளுக்கும் இருப்புப்பாதைக் கம்பனியின் தரப்பினர்க்குமிடையே துப்பாக்கிச் சண்டை மூண்டு எழுவர் உயிரிழந்தனர். அந்நிகழ்ச்சியே நாவலுக்கு வித்து. கதையிலே பிறெஸ்லி என்னும் கவிஞன் கொதித்தெழுந்து கம்பனித் தலைவரிடமே செல்கின்றான். அவர் சினக்கவில்லை. கோதுமை தானே விளைகின்றது, இருப்புப்பாதை தானே வளர்கின்றது, இவை விசைகள், மனிதரைக் குறை கூறிப் பயனில்லை, நிலைமைகளைக் குறை கூறுக என்று அமைதியாக விளக்குகின்றார். கவிஞன் மறுமொழியின்றித் திகைத்து நிற்கின்றான்.

நேயர்களே, இங்கே நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். கடலும் பனியும் விசைகள் என்பது உண்மை. கட்டணம் விதிப்பதும், குடியானவனை நிலத்திலிருந்து எழுப்புவதும் விசைகளல்ல. மனிதர் கூடி, மேசையைச் சுற்றியிருந்து எடுக்கும் தீர்மானங்கள். நொறிஸின் உள்ளமும் இதனை அறிந்திருந்தது. கொல்லப்பட்ட குடியானவன் ஒருவனின் மனைவி குழந்தையோடு சான்பிரான்சிஸ்கோ வீதியிற் பசியால் மடிவதையும், அதே வேளையில் கம்பனியின் உயர்நிலையாளர் இல்லத்தில் விருந்து நிகழ்வதையும் ஒரே அத்தியாயத்தில் மாறி மாறிக் காட்டுகின்றார். ஆயினும் நாவலின் முடிவிலே, தனிமனிதர் அழியினும் கோதுமைப் பெருக்கு நிலைக்கும், யாவும் இறுதியில் நன்மைக்கே என்று ஆறுதல் தேடுகின்றார். பசியால் இறந்த அத்தாயின் அருகே அந்த ஆறுதல் செல்லாது. அவர் காட்டிய காட்சி அவர் கூறிய கொள்கையை வென்றுவிடுகின்றது.

இயற்கை இரங்காது என்னும் உண்மையைக் கற்றவன் இருவகையாக ஒழுகலாம். உலகமே இரங்காதபோது நான் ஏன் இரங்க வேண்டும் என்று கேட்பது ஒரு வகை. கம்பனித் தலைவரின் வாதம் அந்த வகையைச் சேர்ந்தது. உலகம் இரங்காது, ஆகையால் நானன்றி இரங்குவார் வேறில்லை என்று உணர்வது மற்றொரு வகை. கிறேனின் படகு அதனைக் கற்பிக்கின்றது.

கரையில் நின்று கையசைத்தோரை நினைவில் வைத்திருக்கச் சொன்னேன். அவர்கள் கொடியவரல்லர். கண்ணாற் கண்டார்கள், கண்டதன் பொருளை எண்ணிப் பார்க்கவில்லை. பனிவெளியில் இறந்த மனிதனின் குறையும் அதுவேயன்றோ? அவனது கற்பனைக் குறைவு அவனையே கொன்றது. கரையிலுள்ளோரின் கற்பனைக் குறைவு பிறரைக் கடலில் இன்னோர் இரவு கிடக்க வைத்தது. கடலைக் குற்றஞ் சாட்ட நமக்கு இடமில்லை. கரையைக் கேள்வி கேட்க இடமுண்டு. ஏனெனில், கரையில் நிற்பவர் நாம்.

அக்கதையின் இறுதியிலே இன்னொரு மனிதனும் வருகின்றான். விடியற்பொழுதில் அலைக்குள்ளே தலைகள் தெரிவதைக் கண்டவுடன், ஓடிக்கொண்டே ஆடைகளைக் களைந்தெறிந்து நீரிற் பாய்கின்றான். முதலிற் சமையற்காரனை இழுத்துக் கரைசேர்க்கின்றான். பின்னர்த் தலைவனிடம் செல்கின்றான். தலைவன் கையசைத்து அவனை நிருபனிடம் அனுப்புகின்றான். அதன் பின்னரே மற்றவர்கள் போர்வையும் உடையும் சூடான கோப்பியும் கொண்டு ஓடிவருகின்றனர். ஓடிவந்த அம்மனிதனின் பெயரைக் கிறேன் சொல்லவில்லை. கடல் யாரென்று கேளாமல் அழிக்கின்றது. அவன் யாரென்று கேளாமல் கைகொடுத்தான். இயற்பண்புவாத எழுத்தாளரை அவநம்பிக்கையாளர் என்று ஒதுக்குவோர் இவ்விடத்தை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.